இரவில் கலையாத பந்தல்

நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நடக்கும் போராட்டங்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவர்களுக்கு அதன் நேரக்கணக்கு மனப்பாடம். காலை பத்தரைக்குக் கொடியும் பேனரும் வரும். பதினொன்றுக்கு முழக்கம் தொடங்கும். மறியல் என்றால் பன்னிரண்டு மணிவாக்கில் சாலையில் உட்கார்வார்கள், போலீஸ் வேனில் ஏற்றுவார்கள், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இருத்துவார்கள். மதியம் பொட்டலச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு. 'கைது செய்யப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர்' என்று மறுநாள் பேப்பரில் நாலு வரி வரும். தமிழ்நாட்டில் போராடுகிறவர்களும் போலீசும் எழுத்தில் இல்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு இது. பொழுது சாய்ந்தால் எல்லோரும் கலைந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

கலையாமல் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டால் அந்த ஏற்பாடு உடைகிறது. அதுவரை 'கோரிக்கை' என்று பேசியவர்கள் அதன் பிறகு 'சட்டம் ஒழுங்கு' என்று பேச ஆரம்பிக்கிறார்கள். மூன்றாம் நாள் டீக்கடையில் ஒருவர் சொல்வார்: "போலீஸ் பூரா பந்தல்ல நிக்கான், ஊர்ல களவு கூடிப்போச்சு." நான்காம் நாள் அந்தப் பந்தலே களவுக்குக் காரணம் என்று ஆகிவிடும். இந்த வழுக்கல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உலகின் பெரிய நகரங்களிலும் இதே வழுக்கல்தான் நடந்திருக்கிறது.

பந்தல்கள் எந்த நேரத்தில் அகற்றப்பட்டன என்று பாருங்கள். நியூயார்க்கில் 2011 செப்டம்பர் 17 அன்று சுக்கோட்டி பூங்காவில் கூடாரம் போட்டவர்களை நவம்பர் 15 அன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அப்புறப்படுத்தினார்கள். டெல்லி ராம்லீலா மைதானத்தில் 2011 ஜூன் 4 இரவு, ஆயிரக்கணக்கானவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது போலீஸ் உள்ளே வந்தது. சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக ஆறு இரவுகள் கடற்கரையில் இருந்த பிள்ளைகளை 2017 ஜனவரி 23 விடியற்காலையில் வெளியேற்றினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2020 ஜூலை 1, அதுவும் விடியற்காலை. சென்னை மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் இருந்த தூய்மைப் பணியாளர்களை 2025 ஆகஸ்ட் 13 அன்று உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி அகற்றியதும் இரவில்தான். பகலில் நடந்தால் கேமராவும் கூட்டமும் சேரும், போக்குவரத்து சிக்கும் என்று போலீஸ் காரணம் சொல்லும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் தூக்கத்தில் இருக்கும் கூட்டத்தை இருட்டில் எழுப்பினால் பயமும் நெரிசலும் வரும் என்பதும் உண்மை. ராம்லீலாவில் பலர் காயப்பட்டார்கள். ஒரு பெண் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார்.

இந்தத் தூக்க விஷயத்தை இரண்டு நாட்டு உச்ச நீதிமன்றங்களும் தனியாகவே எடுத்துப் பேசியிருக்கின்றன. வாஷிங்டனில் வீடற்றவர்களின் நிலையைக் காட்ட வெள்ளை மாளிகைக்கு எதிரே கூடாரம் போட ஒரு குழு அனுமதி கேட்டது. கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள், அதற்குள் தூங்க மட்டும் கூடாது என்று பதில் வந்தது. வீடற்றவன் எங்கே தூங்குகிறான் என்பதைக் காட்டத்தானே வந்தோம் என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. இங்கே ராம்லீலா வழக்கில் 2012 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் போலீசின் செயலைக் கண்டித்தது. அந்த அமர்வின் நீதிபதி ஒருவர் தூக்கமும் வாழ்வுரிமையின் பகுதி என்று தனியாக எழுதினார். ஆனால் அதே தீர்ப்பு கூட்டத்தை நடத்தியவர்கள் மேலும் கொஞ்சம் பழி வைத்தது. நம் நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. பொது இடத்தில் கூட்டமே கூடாது என்று மொத்தமாகத் தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை, ஒழுங்குபடுத்த மட்டும்தான் முடியும் என்று அகமதாபாத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லிவிட்டது. குடியுரிமைச் சட்டத்துக்கு எதிராக டெல்லியில் சாலையில் உட்கார்ந்த ஷாகீன் பாக் போராட்ட வழக்கில் 2020 அக்டோபர் 7 அன்று, பொதுச் சாலையைக் காலவரையில்லாமல் அடைத்துக்கொள்ள முடியாது, போராட்டம் ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொன்னது. அதே வருடம் டிசம்பரில் டெல்லி எல்லையில் சாலைகளில் உட்கார்ந்திருந்த விவசாயிகள் விஷயத்தில், வன்முறை இல்லாதவரை போராட அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. அந்த முகாம்கள் ஒரு வருடத்துக்கு மேல் நின்றன. அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களும் திரும்பப் பெறப்பட்ட பிறகு அவர்களாகவே எழுந்து போனார்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. ஆனால் சென்னை, மதுரை, கோவை போல இங்கே போலீஸ் கமிஷனர் கிடையாது, எஸ்.பி.தான். கமிஷனர் உள்ள நகரங்களில் சிட்டி போலீஸ் சட்டத்தின் 41ஆவது பிரிவு பேசப்படும். இங்கே பேசப்படுவது 1861ஆம் வருடத்துப் போலீஸ் சட்டத்தின் 30(2). வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் முன்அனுமதி வாங்கச் சொல்லும் அதிகாரத்தை அது போலீசுக்குக் கொடுக்கிறது. அதற்கு மேலே, பழைய 144 தடை உத்தரவு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்த பிறகு அது 163ஆம் பிரிவு. ஊர் வாயில் இன்னும் '144'தான். இந்த உத்தரவைப் போடுவது வருவாய்த் துறை அதிகாரிகள்: கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார். இரண்டு மாதத்துக்கு மேல் அது நிற்காது. மாநில அரசு நினைத்தால் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டலாம். இதை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

அனுமதி மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட் என்றால் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நாகர்கோவிலில் இருந்து சுமார் 240 கிலோமீட்டர். நீரோடியிலோ வள்ளவிளையிலோ இருக்கும் ஒரு மீனவருக்கு அது இன்னும் தூரம். போக வர ஒரு முழு நாள், வக்கீல் செலவு வேறு. கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அனுமதி மறுப்புக் கடிதத்தைக் கையில் கொடுத்தால், உரிமை காகிதத்தில் இருந்தும் பயனில்லை. என் கருத்தில், 30(2) பற்றிய சட்ட விவாதத்தைவிட இந்த முதல் நாள் சாயங்காலம்தான் பெரிய பிரச்சினை.

சரி, குற்றம் என்று பேசுகிறோமே, அதைப் பார்ப்போம். பந்தலையும் குற்றத்தையும் சேர்த்துப் பேசும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லில் கட்டிவிடுகிறோம்.

முதலாவது, பந்தலே குற்றமாக எழுதப்படுவது. அனுமதியில்லாமல் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் சட்டவிரோதக் கூட்டம் என்று ஒரு வழக்கு. தடை உத்தரவை மீறினால் இன்னொன்று. பழைய தண்டனைச் சட்டத்தில் அது 188ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 223. இவை எல்லாம் ஸ்டேஷன் ரெக்கார்டில் 'குற்றம்' என்ற கணக்கில்தான் ஏறும். இந்தக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 188ஆம் பிரிவு வழக்குகள் நாடு முழுவதும் 2019இல் 29,469. அடுத்த வருடம் 6,12,179. அந்த வருடம் திருட்டு குறைந்திருந்தது. ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மேல் போட்ட வழக்குகள்தான் அப்படி ஏறின. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு ஊரில் ஒரு பந்தல் மூன்று மாதம் இருந்து, தினமும் ஒரு வழக்குப் போட்டால், அந்த ஸ்டேஷன் எல்லையில் 'குற்றங்கள் அதிகரிப்பு' என்று அறிக்கை எழுதிவிட முடியும். அங்கே ஒரு செயின் கூட அறுக்கப்பட்டிருக்காது.

இந்த வழக்குகள் எப்படிப் பதிவாகின்றன என்பதையும் உயர்நீதிமன்றம் பார்த்திருக்கிறது. 188க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்க முடியாது, உத்தரவைப் போட்ட அதிகாரிதான் மாஜிஸ்திரேட்டிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று மதுரைக் கிளை 2018 செப்டம்பரில் விரிவாகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு இப்படிப்பட்ட வழக்குகள் நிறைய ரத்தாயின.

இரண்டாவது, பந்தலுக்குள் நடக்கும் உண்மையான குற்றம். இதை மறைக்கக் கூடாது. சியாட்டிலில் 2020 ஜூன் 8 அன்று போலீஸ் தன் ஸ்டேஷனை விட்டே வெளியேறியது. போராட்டக்காரர்கள் சுற்றியுள்ள சில தெருக்களைத் தங்கள் பகுதி என்று அறிவித்தார்கள். பகலில் பாட்டும் கூட்டமும் இலவசச் சாப்பாடுமாக இருந்த இடம், இரவில் துப்பாக்கி வைத்தவர்கள் கையில் போனது. மூன்றே வாரத்துக்குள் 19 வயதுப் பையன் ஒருவனும் 16 வயதுப் பையன் ஒருவனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டெல்லி சிங்கு எல்லையில் 2021 அக்டோபரில், மத நூலை அவமதித்ததாகச் சொல்லி ஒரு தலித் தொழிலாளியைக் கொடூரமாகக் கொன்று தடுப்புக் கம்பியில் கட்டி வைத்தார்கள். விவசாய சங்கத் தலைவர்கள் கண்டித்தார்கள். ஆனால் அது அவர்கள் முகாமின் ஓரத்தில் நடந்தது. பந்தலை நடத்துகிறவர்கள் இரவுக்குப் பொறுப்பெடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்ப் பந்தல்கள் அப்படி ஆகாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே போலீஸ் ஒருபோதும் முழுதாக விலகிப் போவதில்லை. தனிப்பிரிவு ஏட்டு என்று ஒருவர் இருப்பார். மப்டியில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு நோட்டோடு. சில வருடங்களுக்கு முன் கூலி பாக்கிக்காக நடந்த ஒரு காத்திருப்புப் போராட்டத்தில் நான் ஓர் இரவு இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது, தார்ப்பாய் ஒழுகியது. பெண்கள் நடுவில், ஆண்கள் ஓரத்தில். பதினொரு மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஏட்டு எழுந்து, பாயில் படுத்திருந்தவர்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். கட்டன் சாயா ஊற்றிக்கொண்டிருந்த வயதான அம்மா அவரைப் பார்த்து, "மக்களே, நீ வல்லதும் தின்னியா?" என்றார். "பரவால்ல பாட்டி, வீட்டுக்குப் போய்த் தின்னணும்" என்றார் அவர். பாட்டி விடவில்லை, கையில் ஒரு டம்ளரைத் திணித்தார். அந்த நோட்டில் அவர் எழுதியது மேலதிகாரிக்குத்தான் போகும், அந்தப் பாட்டிக்கு எதிராகவும் போகலாம். அது அவருக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். ஆனாலும் இரவு முழுதும் வெளிச்சத்தில் ஒரு காக்கிக்காரர் இருந்தார். குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணிய ஓர் ஆளை நடு இரவில் அவர்தான் பிடித்து அனுப்பினார்.

மூன்றாவது, டீக்கடைக்காரர் சொன்னது. போலீஸ் பூரா பந்தலில் நின்றால் ஊரை யார் பார்ப்பது? இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கைகாட்டும் இடம் தவறு. நம் மாவட்டத்தில் பந்தோபஸ்து என்பது போராட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. மண்டைக்காடு கொடை, சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர், சபரிமலை சீசன், வி.ஐ.பி. வருகை, விநாயகர் ஊர்வலம், எல்லைச் சோதனைச் சாவடிகள் என்று வருடம் முழுக்க ஸ்டேஷன்களில் இருந்து ஆள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். திருவிழாவால் களவு கூடியது என்று யாரும் சொல்வதில்லை, போலீஸ் எண்ணிக்கை போதவில்லை என்றுதான் சொல்கிறோம். பந்தலுக்கும் அதே அளவுகோல் வேண்டும். இரவு வேலையின் ஆபத்து இந்த மாவட்டத்துப் போலீஸ்காரர்களுக்குத் தெரியாததல்ல. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். இரவு ரோந்துக்கு ஆள் கேட்பது நியாயமான கோரிக்கை. அதைப் பந்தலுக்கு எதிரான வாதமாகத் திருப்புவதுதான் சரியில்லை.

வியாபாரிகளின் குறையையும் சொல்ல வேண்டும். வேப்பமூட்டிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு மணி நேரம் சாலை அடைத்தால் மாவட்டமே நிற்கும், ரோடு அப்படி. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஆம்புலன்ஸ் போக வேண்டும். பந்தலை எங்கே போடுவது என்பது போராடுகிறவர்களும் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் ஒதுக்குப்புறமான இடத்தைக் காட்டி, யாரும் பார்க்காத மூலையில் உட்காரச் சொன்னால் அது அனுமதி ஆகாது.

இந்த மாவட்டத்தில் அதிகாரிகள் கூட்டம் என்றாலே ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்பதற்குப் பழைய நினைவுகளும் காரணம். இந்த மாவட்டம் பிறந்ததே போராட்டத்தில். 1954 ஆகஸ்ட் 11, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று கேட்டவர் அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. சுதந்திர நாட்டில் மக்கள் மேல் சுட்ட அரசு நீடிக்கக் கூடாது என்பது அவருடைய நிலை. இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1956 நவம்பர் 1 அன்று, நாம் தமிழ்நாட்டில் சேர்ந்தோம். அப்புறம் 1982 மார்ச் 1, மண்டைக்காடு. கோயில் விழாவில் தொடங்கிய மோதலும் துப்பாக்கிச் சூடும் கடற்கரை முழுக்கப் பரவிய வன்முறையும், நீதிபதி வேணுகோபால் ஆணையமும். அதிலிருந்து இங்கே எந்தக் கூட்டத்தையும் இரண்டு மதத்தாரின் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழக்கம் அதிகாரிகளுக்கு வந்துவிட்டது. கூலி கேட்டு வரும் கூட்டத்துக்கும் அதே கண்ணாடிதான்.

கடற்கரைப் பந்தல்களுக்கு இன்னொரு தன்மை உண்டு. அவை பெரும்பாலும் சாலையில் நிற்பதில்லை, கோயில் முற்றத்தில் நிற்கின்றன. இங்கே கடற்கரையில் கோயில் என்றால் மாதா கோயில். இனயம் துறைமுகத்துக்கு எதிராகவும், கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகவும் பேச்சுகள் கூடியது அங்கேதான். பக்கத்து மாவட்டத்து இடிந்தகரையில் 2011 ஆகஸ்டில் தொடங்கிய கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் பந்தலும் லூர்து மாதா கோயில் முன்னால்தான் இருந்தது. பொதுச் சாலையை அடைக்கவில்லை என்பதால் ஷாகீன் பாக் தீர்ப்பு மாதிரி ஒன்று அங்கே பொருந்தாது. பந்தலைப் பிரிக்க முடியாதபோது ஊரையே சுற்றி அடைப்பார்கள். 2012 மார்ச்சில் தடை உத்தரவு போட்டு இடிந்தகரைக்குப் போகும் வழிகளை மறித்தார்கள். அதே மாதம், போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமாரின் குடும்பம் நாகர்கோவில் அருகே நடத்திய பள்ளி சூறையாடப்பட்டது. பந்தலைச் சுற்றி நடக்கும் குற்றங்களில் பந்தலில் இருக்கிறவர்களுக்கு எதிரானவையும் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். செப்டம்பர் 10 அன்று அணு உலைக்கு அருகே கடற்கரையில் கூடியிருந்தவர்கள் மேல் தடியடியும் கண்ணீர்ப்புகையும் நடந்தன. அன்று மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

தூத்துக்குடியும் நமக்குத் தூரமில்லை. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக அ.குமரெட்டியாபுரத்தில் 99 நாள் மரத்தடியில் அமைதியாக உட்கார்ந்தவர்களின் போராட்டம் நூறாவது நாள், 2018 மே 22 அன்று, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் போலீசின் மேல் கடுமையான முடிவுகளைச் சொல்லி 17 போலீசார் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அந்த 99 நாளில் ஒரு நாளாவது தகுந்த அதிகாரி ஒருவர் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து பேசியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்தில் நேர்மாறான ஒரு நாள் உண்டு. ஒக்கி புயல் வீசி ஒரு வாரம், 2017 டிசம்பர் 7. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, தேடப் போதுமான கப்பல் போகவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நாகர்கோவில்-திருவனந்தபுரம் பாதை இரவு வரை முடங்கியது. கைக்குழந்தையோடு பெண்கள் இருட்டிலும் எழவில்லை. போலீஸ் பொறுத்திருந்தது, அதிகாரிகள் பேசினார்கள், இரவில் கூட்டம் கலைந்தது. ஐந்து நாளில் முதலமைச்சர் பழனிசாமி வந்தார், அதற்கு ஒரு வாரத்தில் பிரதமர் மோடி வந்தார். ரயிலை மறித்தது சட்டப்படி குற்றம்தான், ரயில்வே சட்டத்தின் 174ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை தண்டனை இருக்கிறது. ஆனாலும் பொறுமையாகக் கையாண்டால் என்ன நடக்கும் என்பதை அந்த இரவு காட்டியது.

ஆனால் பின்னாலேயே ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்கு வந்தது. எஃப்.ஐ.ஆரில் நாலைந்து பெயர் இருக்கும், பின்னால் 'மற்றும் பலர்' என்று ஒரு சொல் இருக்கும். அந்தப் 'பலர்' யார் என்று எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். வெளிநாடு போய்ப் பிழைக்கும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது, கல்ஃபில் மீன்பிடிக்கப் போகிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரும்போதுதான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். கூடங்குளத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல் தேசத்துரோகப் பிரிவு போட்டிருந்தார்கள். அணு உலைக்கு அனுமதி தந்த 2013 மே 6 தீர்ப்பிலேயே, போராட்டக்காரர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு தவணை தவணையாகத்தான் அவை விலகின.

இதில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால்தான் பாஸ்போர்ட்டை மறுக்க 1967ஆம் வருடச் சட்டத்தில் இடமிருக்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பது அந்த நிலுவை ஆகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கோர்ட்டுக்குப் போய்விட்ட வழக்கானாலும் அந்தக் கோர்ட்டிலேயே அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் எடுக்க முடியும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், பந்தலுக்குத் தண்ணீர்க் கேன் கொண்டுபோய் இறக்கியவன், இதைச் சொல்ல ஆளில்லாமல் இரண்டு விசாவைத் தவறவிட்டான். மூன்றாவது விசா வந்தபோது குழித்துறை கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் அம்மா அவனுக்கு மனு எழுதிக் கொடுத்தார், பணம் வாங்கவில்லை. இப்போது கத்தாரில் இருக்கிறான். ஊரில் பந்தல் போட்டால் இன்னமும் போன் பண்ணி, ராத்திரி லைட் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் கேட்பான்.